மில்லிவோல்ட் சிக்னலுக்கு எவ்வளவு கெயின் வைப்பது?

கே வகைத் தெர்மோகப்பிள் (இரு வேறு உலோகக் கம்பிகளை இணைத்து வெப்பநிலையை அளக்கும் சென்சார்) ஒன்றை எடுத்து, அதன் ஒரு கம்பியை ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையின் கிரவுண்டிலும் மற்றொன்றை அனலாக் பின்னிலும் செருகுங்கள். நுனியைக் கொதிக்கும் நீரில் விட்டால் திரையில் 0 வரும். எப்போதாவது 1 எட்டிப் பார்க்கும். ஐஸ் நீரில் விட்டாலும் 0தான். புதிதாகக் கற்பவர்கள் இந்த இடத்தில் தெர்மோகப்பிளைச் சந்தேகிப்பார்கள். ஆனால் அது தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கிறது.

கே வகை, ஒரு டிகிரி செல்சியஸ் வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் தரும். ஒரு முனை 0 டிகிரியிலும் மறுமுனை 100 டிகிரியிலும் இருந்தால் கிடைப்பது 4.096 மில்லிவோல்ட். ஊனோவில் உள்ள ஏடிசி, அதாவது மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி, 10 பிட் கொண்டது. 5 வோல்ட்டை அது 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி 4.88 மில்லிவோல்ட். கணக்குப் போட்டால், எண் ஒன்று கூடுவதற்கே வெப்பநிலை சுமார் 119 டிகிரி ஏற வேண்டும். அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் மூக்குத்தியை வைத்துவிட்டு முள் அசையவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்கும் நிலை இது.

தரவு சேகரிப்பு அமைப்பு எதுவானாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் சென்சார், அடுத்துப் பெருக்கி, அதன்பின் ஏடிசி, கடைசியில் கணினி. தெர்மோகப்பிள், எடைக்கருவியில் இருக்கும் லோடு செல், மார்பில் ஒட்டும் ஈசிஜி மின்முனை ஆகியவை தருவதெல்லாம் மில்லிவோல்ட்டும் மைக்ரோவோல்ட்டும்தான். ஏடிசிக்கு வேண்டியதோ வோல்ட். இடையில் நிற்கும் பெருக்கி உள்ளே வருவதை எத்தனை மடங்காக்கி வெளியே விடுகிறது என்பதே கெயின். அந்த எண்ணை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், "முடிந்தவரை அதிகமாக" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. அந்தப் பதில் தவறு. சில இடங்களில் ஆபத்தும்கூட.

அதற்கு முன் ஓர் ஐயத்தைத் தீர்த்துவிடலாம். பெருக்கத்தான் வேண்டும் என்றால் நிரலில் 100 ஆல் பெருக்கிக்கொள்ளக் கூடாதா? கூடாது. 0 ஐ எதனால் பெருக்கினாலும் 0தான். ஏடிசி பார்க்கத் தவறியதை அதற்குப் பிறகு வரும் எந்தக் கணக்கும் மீட்டுத் தராது. பெருக்கல், எண்ணாக மாறுவதற்கு முன்பே, மின்னழுத்தமாக இருக்கும்போதே நடந்தாக வேண்டும். இன்னொரு வழி, ஏடிசியின் அளவெல்லையையே சுருக்குவது. ஊனோவில் 5 வோல்ட்டுக்குப் பதிலாக உள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் ஒப்பு மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுத்தால் படி 1.07 மில்லிவோல்ட்டாகக் குறையும். நான்கரை மடங்கு கெயின் இலவசமாகக் கிடைத்ததற்குச் சமம். ஆனாலும் ஒரு படிக்கு 26 டிகிரி, நமக்குப் போதாது.

உச்சத்திலிருந்து தொடங்கும் கணக்கு

400 டிகிரி வரை போகும் ஒரு சிறிய சூளையை எடுத்துக்கொள்வோம். தெர்மோகப்பிளின் மறுமுனை 0 டிகிரியில் இருப்பதாகவே கணக்கிடுகிறேன். அறை வெப்பநிலையைச் சேர்த்துத் திருத்துவது தனி வேலை. 400 டிகிரியில் கே வகை தருவது 16.397 மில்லிவோல்ட். 5 வோல்ட்டை இதனால் வகுத்தால் 305 வருகிறது. உடனே 300 மடங்கு என்று முடிவு செய்யத் தோன்றும்.

அந்த 5 வோல்ட் உண்மையில் கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கும் எல்எம்358 ஆப்-ஆம்ப்பை, அதாவது மின்னழுத்தத்தைப் பெருக்கும் சில்லை, 5 வோல்ட்டில் இயக்கினால், அதன் வெளியீடு மேலே சுமார் 3.5 வோல்ட்டோடு நின்றுவிடும். மின்வழங்கலுக்கு ஒன்றரை வோல்ட் கீழே வரைதான் அதனால் ஏற முடியும். அதனால் வகுக்க வேண்டிய எண் 5 அல்ல, 3.5. அடுத்து, சூளை எப்போதும் 400 இலேயே நிற்காது. ஹீட்டரை அணைத்த பிறகும் சூடு கொஞ்சம் ஏறித்தான் இறங்கும். அந்த ஏற்றத்தையும் நாம் பார்க்க வேண்டும். 500 டிகிரி வரை இடம் விடுவோம், அங்கே 20.644 மில்லிவோல்ட். 3.5 வோல்ட்டை இதனால் வகுத்தால் 169 மடங்கு. கடையில் கிடைக்கும் மின்தடைகளில் 1 கிலோ ஓமும் 150 கிலோ ஓமும் போட்டால், தலைகீழாக்காத பெருக்கி (சிக்னலின் குறியை மாற்றாமல் பெருக்குவது) 1 + 150 = 151 மடங்கு தரும். 400 டிகிரிக்கு வெளியீடு 2.48 வோல்ட். ஏடிசியின் ஒரு படி இப்போது 0.79 டிகிரி. 119 இலிருந்து 0.79 க்கு வந்துவிட்டோம்.

300 மடங்கே வைத்திருந்தால் என்ன ஆகும்? 11.67 மில்லிவோல்ட்டிலேயே வெளியீடு 3.5 வோல்ட்டைத் தொட்டு நின்றுவிடும். அது ஏறக்குறைய 285 டிகிரி. சூளை 300, 350, 400 என்று ஏறினாலும் திரை 285 என்றே காட்டும். கட்டுப்படுத்தும் நிரலுக்கு 400 வந்தால் ஹீட்டரை அணை என்று சொல்லியிருப்பீர்கள். அந்த 400 வரவே வராது, ஹீட்டரும் அணையாது. இப்படி உச்சத்தில் முட்டி நிற்கும் சிக்னலின் கொடுமை, அது பழுது போலவே தோன்றாது என்பதுதான். எண் ஆடாமல் அசையாமல் நேர்கோடாக இருக்கும். இரைச்சலே இல்லாத அழகான அளவீடு என்று மகிழ்ச்சிகூட வரும். ஏடிசி எண் மேல் எல்லையை ஒட்டி நின்றால் அதை அளவீடாக எடுத்துக்கொள்ளாமல் பழுதாக எடுத்துக்கொண்டு ஹீட்டரை நிறுத்தும்படி நிரலில் எழுதிவிடுங்கள். நான்கு வரி நிரல்தான். இது இல்லாமல் எந்தச் சூளையையும் கணினியிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பெருக்கிக்கு எது சிக்னல் என்று தெரியாது

151 மடங்கு என்று கண்டுபிடித்துச் சுற்றையும் கட்டிவிட்டீர்கள். தெர்மோகப்பிள் அறை வெப்பநிலையில் இருக்கிறது. வெளியீடு 0.3 வோல்ட் காட்டுகிறது. எங்கிருந்து வந்தது இது?

எந்த ஆப்-ஆம்ப்பிலும் உள்ளீட்டில் ஒரு சிறு பிழை மின்னழுத்தம் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதற்கு ஆஃப்செட் என்று பெயர். எல்எம்358 இல் அது வழக்கமாக 2 மில்லிவோல்ட் அளவில் இருக்கும். 7 வரையும் போகலாம். பெருக்கிக்கு இது தெர்மோகப்பிளிலிருந்து வந்ததா தன்னுடைய பிழையா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. உள்ளீட்டில் எது நின்றாலும் 151 மடங்காக்கும். 2 மில்லிவோல்ட் 0.3 வோல்ட் ஆகிறது. வெப்பநிலைக் கணக்கில் சுமார் 49 டிகிரிப் பிழை. கெயினை ஏற்றினால் இது குறையுமா? குறையாது. சிக்னல் எத்தனை மடங்கு பெருகுகிறதோ அத்தனை மடங்கு ஆஃப்செட்டும் பெருகும். 49 டிகிரிப் பிழை அப்படியே இருக்கும், சிக்னலுக்கான இடம்தான் சுருங்கும்.

நிலையான பிழைதானே, ஒருமுறை அளந்து கழித்துவிடலாமே என்று கேட்கலாம். முதல் நாள் அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஆஃப்செட் வெப்பத்தோடு நகரும். எல்எம்358 இல் டிகிரிக்கு 7 மைக்ரோவோல்ட் அளவில் நகர்வது வழக்கம். சூளைக்குப் பக்கத்தில் உள்ள பெட்டி காலையிலிருந்து மதியத்துக்குள் 20 டிகிரி சூடேறினால் 140 மைக்ரோவோல்ட். அதுவே மூன்றரை டிகிரிப் பிழை. இந்த இடத்தில் கெயினைத் திருகிப் பயனில்லை, பெருக்கியைத்தான் மாற்ற வேண்டும். தன் ஆஃப்செட்டைத் தானே இடைவிடாமல் திருத்திக்கொள்ளும் வகை ஆப்-ஆம்ப்கள் இருக்கின்றன. ஓபிஏ333 அவற்றில் ஒன்று. அதன் ஆஃப்செட் உச்சபட்சம் 10 மைக்ரோவோல்ட், அதாவது கால் டிகிரி. வெளியீடும் மின்வழங்கலை ஏறக்குறையத் தொடும்வரை ஏறும். மில்லிவோல்ட்டை அளக்கப் போகிறவர் முதல் செலவை இதில் செய்வது நல்லது.

மின்கம்பிகளிலிருந்து ஒட்டிக்கொள்ளும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் இதே போலத்தான். ஹீட்டர் கம்பிக்கு அருகே ஓடும் நீண்ட தெர்மோகப்பிள் கம்பியில் 20 மில்லிவோல்ட் அளவுக்கு ஏறி இறங்கும் இரைச்சல் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 151 மடங்கில் அது 3 வோல்ட். பலர் 20 மில்லிநொடி சராசரி எடுத்தால் 50 ஹெர்ட்ஸ் முழுதாகக் கழிந்துவிடும் என்று கற்றிருப்பார்கள். உண்மைதான், ஆனால் அலை முழுதாக ஏடிசிக்கு வந்தால்தான். கெயின் அதிகமாகி அலையின் தலை மேலே முட்டி வெட்டுப்பட்டாலோ, ஒற்றை மின்வழங்கலில் இயங்கும் பெருக்கியில் அதன் அடி 0 க்குக் கீழே போக முடியாமல் வெட்டுப்பட்டாலோ, சராசரி ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். எண் அமைதியாக இருக்கும். ஆனால் தவறாக இருக்கும். ஆகவே கம்பிகளை முறுக்குங்கள், பெருக்கிக்கு முன்னாலேயே ஒரு மின்தடையும் மின்தேக்கியும் கொண்ட எளிய வடிகட்டியைப் போடுங்கள், பெருக்கியைச் சென்சாருக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள். பத்து மீட்டர் கம்பியில் மில்லிவோல்ட்டை அனுப்பி, அந்தப் பக்கம் போன பிறகு பெருக்கினால், வழியில் சேர்ந்த எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பெருக்குவீர்கள்.

லோடு செல்: 2.5 வோல்ட்டுக்கு மேலே 10 மில்லிவோல்ட்

லோடு செல்லில் கதை இன்னும் சுவையானது. அதற்குள் நான்கு மின்தடைகள் வீட்ஸ்டோன் சமனச் சுற்றாக இணைந்திருக்கும். 5 வோல்ட் கொடுத்தால் இரண்டு வெளியீட்டுக் கம்பிகளும் ஏறக்குறைய 2.5 வோல்ட்டில் நிற்கும். எடை வைத்தால் ஒன்று சற்று ஏறும், மற்றது சற்று இறங்கும். வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் என்று குறிக்கப்பட்ட செல்லில், முழு எடையில் அந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 10 மில்லிவோல்ட். நமக்கு வேண்டியது இந்த வேறுபாடு மட்டும்தான்.

ஒரு கம்பியை மட்டும் எடுத்துச் சாதாரண ஆப்-ஆம்ப்பில் 151 மடங்கு பெருக்கினால் 2.5 வோல்ட்டும் சேர்ந்து பெருகப் பார்க்கும். வெளியீடு அந்த நொடியே மேலே முட்டிவிடும். இதற்கென்றே இருப்பது இன்ஸ்ட்ருமென்டேஷன் பெருக்கி. இரண்டு உள்ளீடுகளின் வேறுபாட்டை மட்டும் பெருக்கி, இரண்டுக்கும் பொதுவாக இருப்பதை ஒதுக்கும். ஏடி620 என்ற சில்லில் ஒரே ஒரு மின்தடையால் கெயினை அமைக்கலாம்: 49,400 ஐ அந்த மின்தடையின் ஓம் மதிப்பால் வகுத்து 1 ஐக் கூட்டினால் கெயின். 499 ஓம் போட்டால் 100 மடங்கு.

பொதுவானதை ஒதுக்குவதும் முழுமையாக நடப்பதில்லை. ஒதுக்கும் திறன் 100 டெசிபெல் என்றால் லட்சத்தில் ஒரு பங்கு கசியும். 2.5 வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு 25 மைக்ரோவோல்ட். 5 கிலோ செல்லில் அது 12.5 கிராம். வெறும் தட்டை வைத்து 0 ஆக்கும்போது இது கழிந்துவிடும் என்பதால் எடைக்கருவி தப்பிக்கிறது. ஏடி620 இல் தொடக்கக்காரர்கள் இடறும் இடம் வேறு. 5 வோல்ட் ஒற்றை மின்வழங்கலில் அதன் வெளியீடு கீழே 1.1 வோல்ட்டுக்கும் மேலே 3.8 வோல்ட்டுக்கும் இடையில்தான் நகரும். அதன் ஒப்புப் பின்னை, அதாவது வெளியீடு எந்த மின்னழுத்தத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் பின்னை, கிரவுண்டில் கட்டிவிட்டால் காலி எடைக்கு 0 வோல்ட் வர வேண்டும், ஆனால் வர முடியாது. சிறு எடைகள் எதையும் காட்டாமல், ஓர் எல்லை தாண்டிய பிறகுதான் எண் நகரத் தொடங்கும். ஒப்புப் பின்னை ஒன்றரை வோல்ட் அளவுக்கு உயர்த்திக் கொடுத்தால் இது தீரும். மீதி இருக்கும் 2.3 வோல்ட்டை 10 மில்லிவோல்ட்டால் வகுத்தால் 230 மடங்கு. ஓரம் விட்டு 200 என்று வைப்பது பொருத்தம்.

பெருக்கியையும் ஏடிசியையும் ஒரே சில்லில் அடக்கி இந்தத் தொல்லைகளையெல்லாம் தீர்ப்பதால்தான் எச்எக்ஸ்711 இவ்வளவு பரவியது. அதன் முதல் உள்ளீட்டு வாயிலில் கெயின் 128 அல்லது 64, இரண்டாவதில் 32. தேர்வும் விசித்திரமானது: ஒவ்வொரு முறை எண்ணைப் படிக்கும்போதும் கடிகாரத் துடிப்பு 25 கொடுத்தால் அடுத்த அளவீடு 128 இல், 26 கொடுத்தால் இரண்டாம் வாயிலின் 32 இல், 27 கொடுத்தால் 64 இல். கெயினை மாற்றிய பிறகு வரும் முதல் சில அளவீடுகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். உள்ளிருக்கும் வடிகட்டி நிலைக்கு வரச் சற்று நேரமாகும்.

5 வோல்ட்டில் இயங்கும்போது 128 மடங்கின் அளவெல்லை கூட்டல் கழித்தல் 20 மில்லிவோல்ட், அதாவது மொத்தம் 40 மில்லிவோல்ட். நம் செல்லின் 10 மில்லிவோல்ட் அதில் கால் பங்கைத்தான் நிரப்புகிறது. இது வீண் இல்லையா? 24 பிட் என்பதால் ஒரு படி 2.4 நானோவோல்ட்தான். ஆனால் அதன் உள்ளீட்டு இரைச்சல், நொடிக்கு 10 அளவீடு என்ற வேகத்தில், 50 நானோவோல்ட் அளவில் இருக்கிறது. இருபது படி ஆட்டத்துக்கு அடியில் இன்னும் நுண்ணிய படிகளைச் சேர்த்து என்ன பயன்? 10 மில்லிவோல்ட்டை 50 நானோவோல்ட்டால் வகுத்தால் 2 லட்சம். 5 கிலோ செல்லில் அது 0.025 கிராம். செல்லின் உலோகம் எடை தாங்கித் தாங்கி மெல்ல நெகிழும் பிழையே இதைவிடப் பெரிது. மேலே மீதி இருக்கும் இடம், யாராவது தட்டில் கையை ஊன்றினாலும் அளவு முட்டாமல் இருக்கப் பயன்படும்.

எங்கே நிறுத்துவது

இந்த இடத்தில்தான் கெயின் தேர்வின் உண்மையான விதி தெரிகிறது. ஏடிசியின் அளவெல்லையை நிரப்ப வேண்டும் என்பது ஒரு தோராயமான வழிகாட்டி மட்டுமே. சரியான கேள்வி: அளவீட்டின் நுணுக்கத்தை இப்போது கெடுத்துக்கொண்டிருப்பது யார், ஏடிசியா அல்லது அதற்கு முன்னால் இருப்பவையா?

ஒரு கணக்கு போடுவோம். ஏடிசியின் சொந்த ஆட்டம் 100 மைக்ரோவோல்ட் என்றும், பெருக்கியின் உள்ளீட்டு இரைச்சல் 1 மைக்ரோவோல்ட் என்றும் கொள்வோம். சென்சார் பக்கத்திலிருந்து பார்த்தால் ஏடிசியின் ஆட்டம் கெயினால் வகுபடும். பெருக்கியின் இரைச்சல் அப்படியே இருக்கும். தொடர்பில்லாத இரைச்சல்கள் இரண்டும் வர்க்கங்களின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலமாகச் சேரும். கெயின் 1 இல் மொத்தம் 100 மைக்ரோவோல்ட். 10 இல் 10.05. 100 இல் 1.41. 1000 இல் 1.005. முதல் இரண்டு பத்து மடங்குகள் பிரமாதமான பலனைத் தந்தன. மூன்றாவது பத்து மடங்கு 1.41 ஐ 1.005 ஆக்கியது, அவ்வளவுதான். ஆனால் அதற்கு ஈடாக அளக்கக்கூடிய எல்லை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. 100 ஐ ஒட்டி, வேண்டுமானால் 200 இல் நிற்பதே அறிவு.

சோதனை மேசையில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. சென்சாரைக் கழற்றிவிட்டு உள்ளீடுகள் இரண்டையும் ஒன்றோடொன்று இணையுங்கள். பெருக்கி ஏற்கும் பொது மின்னழுத்தத்தில் அவை இருக்கட்டும். ஒவ்வொரு கெயினிலும் சில நூறு அளவீடுகள் எடுத்து, எண்களின் சிதறலைக் காட்டும் திட்ட விலக்கத்தைக் கெயினால் வகுங்கள். எண் குறைந்துகொண்டே வந்து ஓர் இடத்தில் குறைவதை நிறுத்தும். அதுதான் உங்கள் கெயின்.

கெயின் மிகக் குறைவாக இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு, அதிகம் பேசப்படாதது. எண் கொஞ்சம்கூட ஆடாமல் ஒரே படியில் உறைந்து நின்றால், ஆயிரம் அளவீடு எடுத்துச் சராசரி போட்டாலும் ஒரு புதிய செய்தியும் கிடைக்காது. ஆயிரம் முறை அதே எண்தான். இரைச்சல் ஓரிரு படிகளையாவது அசைத்தால்தான் சராசரி வேலை செய்யும். அப்போது நூறு அளவீடுகளின் சராசரி ஆட்டத்தைப் பத்தில் ஒன்றாக்கும். எண் ஆடுவதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. முற்றிலும் ஆடாத எண்ணைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஏடிஎஸ்1115 போன்ற ஏடிசி சில்களில் பெருக்கி உள்ளேயே இருக்கிறது. நிரலில் ஒரு வரி மாற்றினால் அளவெல்லை கூட்டல் கழித்தல் 6.144 வோல்ட்டிலிருந்து 0.256 வோல்ட் வரை ஆறு நிலைகளில் மாறும். ஒன்றும் சொல்லாவிட்டால் 2.048 இல் இருக்கும். இதை மறந்துவிட்டு நுணுக்கம் போதவில்லை என்று வருந்துபவர்கள் நிறைய. 0.256 நிலையில் ஒரு படி 7.8125 மைக்ரோவோல்ட், கே வகைக்கு 0.19 டிகிரி. சூளையின் 16 மில்லிவோல்ட், 256 மில்லிவோல்ட் இடத்தில் ஒரு மூலையைத்தான் நிரப்புகிறது. ஆனால் சூளைக்கு 0.19 டிகிரி தாராளம். வெளியே தனிப் பெருக்கி எதுவும் வேண்டாம். ஆஃப்செட், மின்தடைப் பிழை என்று ஒரு தலைமுறைத் தொல்லை ஒழிந்தது. 6.144 வோல்ட் நிலை மட்டும் ஒரு பொறி: அந்த அளவுக்கு உள்ளீடு கொடுக்கலாம் என்று பொருள் அல்ல. சில்லுக்குக் கொடுத்த மின்வழங்கலைத் தாண்டி உள்ளீடு 0.3 வோல்ட்டுக்கு மேல் போகவே கூடாது. போனால் சில் சேதமடையலாம்.

கிரவுண்டோடு இணையாமல் மிதக்கும் தெர்மோகப்பிளை வேறுபாட்டு உள்ளீட்டில் இணைக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். உள்ளீடுகள் மிக நுண்ணிய மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். அது திரும்பிப் போக வழி இல்லையென்றால் இரண்டு கம்பிகளும் சேர்ந்து மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்து எல்லையில் போய் ஒட்டிக்கொள்ளும். சுற்றைத் தொட்டால் சரியாகி, கையை எடுத்தால் மீண்டும் கெட்டுப்போகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒரு கம்பியிலிருந்து மின்வழங்கலின் நடுப்புள்ளிக்கு 1 மெகா ஓம் மின்தடை ஒன்று போட்டால் தீர்ந்தது.

சிக்னலைவிடப் பெரிய துணை வரும்போது

முதல் கட்டத்திலேயே முடிந்தவரை பெருக்கிவிடு, பின்னால் சேரும் இரைச்சல் பொருட்டில்லாமல் போகும் என்பது நல்ல விதி. ஈசிஜியில் மட்டும் அதை அப்படியே பின்பற்ற முடியாது. இதயத் துடிப்பின் உச்சம் 1 மில்லிவோல்ட் அளவு. ஆனால் தோலும் மின்முனையும் சேரும் இடத்தில் வேதி வினையால் ஒரு நிலையான மின்னழுத்தம் பிறக்கிறது. அது 300 மில்லிவோல்ட் வரை இருந்தாலும் கருவி தாங்க வேண்டும் என்பதே மருத்துவக் கருவி வடிவமைப்பின் நடைமுறை. 1 மில்லிவோல்ட்டை மட்டும் பார்த்து 1000 மடங்கு வைத்தால், 300 மில்லிவோல்ட் 300 வோல்ட் ஆகப் பார்க்கும். மேலும் கீழும் 2.5 வோல்ட் இடம் உள்ள பெருக்கியில் முதல் கட்டக் கெயின் 8 ஐத் தாண்ட முடியாது.

பழைய வழி: முதலில் சிறிதாகப் பெருக்கி, பிறகு 0.05 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை வடிகட்டி நிலையான பகுதியை நீக்கி, மீண்டும் நூறு மடங்குக்கு மேல் பெருக்குவது. புதிய வழி வேறு. ஏடிஎஸ்1298 என்ற ஈசிஜி சில்லில் 24 பிட் ஏடிசி இருக்கிறது. கெயின் 1 முதல் 12 வரைதான். மின்சாரம் கொடுத்ததும் தானாக நிற்கும் நிலை 6. 2.4 வோல்ட் ஒப்பு மின்னழுத்தத்தை 6 ஆல் வகுத்தால் கூட்டல் கழித்தல் 400 மில்லிவோல்ட். 300 மில்லிவோல்ட் மின்முனை அழுத்தமும் அதன் மேல் அமர்ந்த இதயத் துடிப்பும் வசதியாக உள்ளே அடங்கும். அவ்வளவு குறைந்த கெயினிலும் ஒரு படி 48 நானோவோல்ட். நிலையான பகுதியைப் பிறகு கணினியில் கழித்துக்கொள்ளலாம். ஏடிசி நுணுக்கமாக ஆக ஆக அதிகக் கெயினின் தேவை குறைந்துகொண்டே வருகிறது.

வேகமான சிக்னல்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஆப்-ஆம்ப்பில் கெயினும் வேகமும் ஒன்றையொன்று விலைகொடுத்து வாங்குபவை. ஓபிஏ333 இன் கெயினையும் அலைப்பட்டையையும், அதாவது அது பெருக்கக்கூடிய அதிர்வெண் எல்லையையும், பெருக்கினால் 350 கிலோஹெர்ட்ஸ். 151 மடங்கில் அதற்கு 2.3 கிலோஹெர்ட்ஸ்தான் மிஞ்சும். சூளைக்கு அது மிக அதிகம். இயந்திர அதிர்வை 10 கிலோஹெர்ட்ஸ் வரை பார்க்க வேண்டும் என்றால் போதாது. கெயினை இரண்டு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும்.

கடைசியாக, மின்தடைகளில் எழுதியிருக்கும் எண்ணை நம்பிக் கெயினை நிரலில் எழுதாதீர்கள். 5 சதவீத மின்தடைகள் இரண்டும் எதிரெதிராகப் பிசகினால் கெயின் ஏறக்குறைய 10 சதவீதம் மாறிப்போகும். 400 டிகிரியில் அது 40 டிகிரி. தெரிந்த இரண்டு புள்ளிகளில் அளந்து, கெயினையும் ஆஃப்செட்டையும் நீங்களே கணக்கிடுங்கள். தெர்மோகப்பிளுக்கு ஐஸும் நீரும் கலந்த பாத்திரம் ஒரு புள்ளி, கொதிநீர் மற்றொன்று. கொதிநீர் 100 டிகிரி என்பது சென்னைக்குச் சரி. 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊட்டியில் நீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அங்கே 100 என்று எழுதிக்கொண்டால் அளவீடு முழுவதும் 7 சதவீதம் பிசகும். நிரலில் கெயின் மாற்ற முடிகிற சில் என்றால் ஒவ்வொரு கெயின் நிலைக்கும் இந்தத் திருத்தத்தைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். 64 இன் திருத்தம் 128 க்குப் பொருந்தாது. கோப்பில் தரவை எழுதும்போது எண்ணுக்குப் பக்கத்திலேயே அப்போது இருந்த கெயின் நிலையையும் ஒரு நெடுவரிசையாக எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது நடுவில் கெயினை மாற்றியிருந்தது தெரியவந்தால், பழைய தரவைக் காப்பாற்ற அந்த ஒரு நெடுவரிசை போதும்.